வெடியுப்பும் குருதிக் குழாயும்

விருதுநகர் மாவட்டத்தில், மல்லாங்கிணறு முதல் சிவகாசி வரை, வெடியுப்பு என்னும் சொல்லை அறியாத இல்லம் அரிது. பட்டாசில் கந்தகமும் கரியும் எரியத் தேவையான ஆக்சிஜனைத் தருவது பொட்டாசியம் நைட்ரேட் எனப்படும் இவ்வுப்பே. நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த வேறொரு பொருள், ஓசையேதுமின்றி நம் குருதிக் குழாய்களிலும் பணியாற்றுகிறது.

அதற்கான முதற்குறிப்பும் வெடிமருந்துத் தொழிலிலிருந்தே கிடைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டைனமைட் செய்த தொழிலாளர்கள், அதன் மூலப்பொருளான நைட்ரோகிளிசரினால் கடும் தலைவலிக்கு ஆளாயினர். (நம் பட்டாசுகளில் இது சேர்வதில்லை.) குருதிக் குழாய்கள் விரிவடைந்ததே காரணம். 1879இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் முரெல், அதே பொருளை நெஞ்சுவலிக்கு மருந்தாக்கினார். டைனமைட்டைக் கண்ட ஆல்ஃபிரட் நோபெலுக்கும் இறுதிக் காலத்தில் இம்மருந்தே பரிந்துரைக்கப்பட்டது. அது நைட்ரிக் ஆக்சைடை வெளியிட்டே குழாயை விரிக்கிறது என்பதை 1977இல்தான் ஃபெரிட் முராட் கண்டறிந்தார்.

உடல் தானே அவ்வாயுவை உண்டாக்கும் என்று அப்போது எவரும் எண்ணவில்லை. நியூயார்க்கில் ராபர்ட் ஃபர்ச்காட், முயலின் பெருந்தமனித் துண்டுகளை ஆராய்ந்துவந்தார். சுருங்கவேண்டிய துண்டுகள் ஒருமுறை விரிந்தன. பிழையென்று ஒதுக்காமல் அவர் காரணம் தேடினார். உட்படலம் உரசி நீங்கிய துண்டுகள் அசிட்டைல்கோலின் பட்டதும் சுருங்கின. உட்படலம் சிதையாதவை விரிந்தன. 1980இல் இதனை வெளியிட்டார். உட்படலம் அனுப்பும் அந்தச் செய்தி நைட்ரிக் ஆக்சைடே என அவரும் லூயிஸ் இக்னாரோவும் 1986இல் தனித்தனியே உரைத்தனர். மூவரும் 1998இல் நோபெல் பரிசு பெற்றனர்.

நலமான குழாயில் இச்செய்திப் பரிமாற்றம் ஓயாது நிகழ்கிறது. ஓடும் குருதி உரசும்போது உட்படலச் செல்லிலுள்ள நொதி தூண்டப்பட்டு, ஆர்ஜினைன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்குகிறது. வாயுவாதலால் அது செல்சவ்வை எளிதில் கடந்து, அடுத்துள்ள மென்தசைச் செல்லை அடைகிறது. அங்கே குவானிலேட் சைக்ளேஸ் என்னும் நொதியைத் தூண்டுகிறது. வளைய ஜி.எம்.பி. பெருகுகிறது, செல்லினுள் கால்சியம் குறைகிறது, தசை தளர, குழாய் விரிகிறது. நைட்ரிக் ஆக்சைடு சில நொடிகளில் மறைந்துவிடும். வளைய ஜி.எம்.பி.யை மற்றொரு நொதி சிதைக்க, தசை மீண்டும் இறுகும்.

வெடியுப்பிலுள்ள நைட்ரேட் கீரைகளிலும் பீட்ரூட்டிலும் உண்டு. நாவில் வாழும் பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதிலிருந்தும் உடல் சிறிதளவு நைட்ரிக் ஆக்சைடைப் பெறுகிறது.