கோவையை மீட்டும் தோற்றவர்

அன்புள்ள கண்ணு,

ராக்கெட்டெல்லாம் வைத்திருந்த திப்பு சுல்தான் ஏன் தோற்றார் என்று கேட்டிருந்தாய். பாடப்புத்தகம் அவர் தலைநகரான சீரங்கப்பட்டணத்தைக் காட்டும். நீ நம் கோயமுத்தூரிலிருந்து பார்.

1768, 1783, 1790 என மூன்று முறை கும்பினிப் படை, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை, நம் கோட்டையைப் பிடித்தது. முதல் முறை திப்புவின் அப்பா ஹைதர் அலி சில மாதங்களில் மீட்டார். இரண்டாவது, மங்களூர் உடன்படிக்கையால் திரும்பக் கிடைத்தது. மூன்றாவதைத்தான் நன்றாகக் கவனிக்க வேண்டும். 1790 செப்டம்பரில் திப்பு கஜலட்டிக் கணவாய் வழியே இறங்கி, சத்தியமங்கலத்தில் கும்பினியின் கர்னல் ஃபிளாய்டைப் பின்வாங்க வைத்தார். 1791 நவம்பரில் அவருடைய தளபதி கமருதீன் கான், கோவைக் கோட்டையை விடாப்பிடியாகக் காத்துநின்ற லெப்டினன்ட் சால்மர்ஸைப் பணிய வைத்தார். அடுத்த சில மாதங்களிலேயே திப்பு பாதி ராஜ்ஜியத்தை எழுதிக்கொடுத்தார்!

அதே 1791 மே மாதம் கும்பினியின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் சீரங்கப்பட்டணம் வரை போயிருந்தார். தீவனமில்லாமல் மாடுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. இழுக்க மாடில்லாமல், கோட்டையை உடைக்கக் கொண்டுபோன பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். ஆனால் 1792 பிப்ரவரியில் புது மாடுகள், புது பீரங்கிகள், தானியம் சுமந்துவந்த லம்பாடிகள், கூடவே மராத்திய, நிஜாம் படைகள் என்று மறுபடி வந்து நின்றார். செலவுக்கு வங்காளத்து வரிப்பணம் இருந்தது. அங்கே போரும் இல்லை. எந்தப் போரைப் படித்தாலும், இழந்ததை யாரால் மறுபடி நிரப்ப முடிந்தது என்று பார்.

திப்புவுக்கோ, சண்டை பெரும்பாலும் நடந்தது அவர் வரி வாங்கிய மண்ணில்தான். பவானிக் கரையில் இரண்டு படைகளும் தின்றது கொங்கு விவசாயி விளைவித்த தானியத்தை. ஜெயித்த சண்டைகூட அவர் கஜானாவைத்தான் கரைத்தது. ராக்கெட்டைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் இந்த விவசாயியை ஒரு வரியில்கூடச் சொல்வதில்லை என்பது எனக்குத் தாளாத வருத்தம். துணைக்கு நம்பியிருந்த பிரான்ஸும் 1789 புரட்சிக்குப் பிறகு தன்பாட்டைப் பார்க்கவே திணறியது.

பாதி ராஜ்ஜியம் போன அந்த 1792 உடன்படிக்கைப்படி 3 கோடியே 30 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். மகன்களில் இருவர் பிணை. சேலம், பாராமகால், திண்டுக்கல், மலபார் எல்லாம் கைவிட்டுப் போயின. கோவை மட்டும் அவரிடமே இருந்தது. பணத்தைக் கட்டி 1794-ல் பிள்ளைகளை மீட்டார். பாதி ராஜ்ஜியத்தின் வருமானத்தோடு 1799-ல் மறுபடி போருக்கு நின்றபோது, அது மூன்று மாதம்கூட நீடிக்கவில்லை. மே 4-ல் அவர் சண்டையிட்டபடியே விழுந்தார். கோவை கும்பினி வசமானது.

அன்புடன்,
பெரியப்பா