எடுத்தெழுதலும் உணர்ந்தெழுதலும்

கணனியின் ஆளியை அழுத்தியதும் திரையில் எழுத்துத் தோன்றுகின்றது. வேறெந்த நிரலும் வந்து சேராத அக்கணத்தில் அப்பொறியை இயக்குவது யாது? தாய்ப்பலகையிலுள்ள சிறு சில்லொன்றில் அழியாது பதிக்கப்பட்ட நிலைபொருளேயாம். உறுப்புக்களைச் சோதித்தலும், விசைப்பலகை, திரை, தட்டு என்பவற்றை நிரல்கள் ஆளுதற்கு வழிசெய்தலும் அதன் தொழில்கள்.

1981 ஆம் ஆண்டில் ஐ.பீ.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணனியில், 'பயோஸ்' எனப்பட்ட இந்நிலைபொருள் 8 கிலோபைற்று அளவினதே. அக்கணனியின் மூளையாகிய 8088 சில்லை இன்ரெல் நிறுவனம் எவர்க்கும் விற்றது. பணிசெயல் முறைமையை மைக்ரோசொப்ற் நிறுவனம் பிறர்க்கும் வழங்கிற்று. பயோஸ் மாத்திரம் ஐ.பீ.எம்மின் தனியுடைமை. அதன் மூலநிரல் முழுவதும் அந்நிறுவனத்தின் தொழினுட்பக் கைந்நூலில் அச்சாகியிருந்தது. ஆயினும் பதிப்புரிமை அதற்குக் காவலாய் நின்றது.

போட்டியாளர் மூவகை வழிகளை மேற்கொண்டனர். டிஜிற்றல் நிறுவனம் 1982 இல் வெளியிட்ட ரெயின்போ 100 தனக்கென வேறோர் அமைப்பை வகுத்துக்கொண்டது. ஐ.பீ.எம். கணனியின் அமைப்பை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் அதில் அவ்வாறே இயங்கவில்லை. வேறு சிலர் பயோஸை எடுத்தெழுதினர் என ஐ.பீ.எம். 1984 இல் வழக்கிட்டது. அவர்கள் தம் நிரலை மாற்ற இணங்கினர்.

மூன்றாவது வழியே நாம் கருதத்தக்கது. கொம்பாக் நிறுவனத்தில் ஒரு குழுவினர் மூலநிரலை ஆராய்ந்து, அது செய்யும் தொழில்களை மாத்திரம் குறித்தனர். அதனைக் கண்ணாலும் காணாத மற்றொரு குழுவினர் அக்குறிப்பைக்கொண்டு புதிதாக எழுதினர். அவர்களின் கணனி 1983 இல் விற்பனைக்கு வந்தது. பீனிக்ஸ் நிறுவனமும் அம்முறையே எழுதி, 1984 முதல் தன் பயோஸைப் பிறர்க்கு விற்றது. அதன்பின் ஐ.பீ.எம். கணனிக்கு ஒத்த கணனிகளைப் பலரும் செய்தல் எளிதாயிற்று.

இம்மூவகையாரையும் யாம் எம் வகுப்பில் ஆண்டுதோறும் காண்கின்றோம். வினாவை விட்டுத் தம்போக்கில் எழுதுவோர் ஒருசாரார். அயலான் ஏட்டைப் பார்த்தெழுதுவோர் ஒருசாரார். பொருளை உணர்ந்து தம் சொல்லால் எழுதுவோர் மிகச் சிலர். யாம் கொடுத்த குறிப்பை எழுத்துப் பிசகாது ஒப்புவித்த விடைக்கு முழுப்புள்ளி இட்டுவந்த எம் பிழையையும் ஈண்டு உணர்கின்றோம். மாணவர்காள், இனி எம் குறிப்பை மூடிவைத்துவிட்டு எழுதுமின். உங்கள் சொல்லுக்கே புள்ளியிடுவோம்.