முழங்கால் வலியும் என் அப்பாயியும்

சில ஆண்டுகளுக்கு முன்வரை என் அப்பாயி கோயிலில் முழந்தாளிட்டுத்தான் செபமாலை சொல்வார்கள். பிறகு பெஞ்சில் அமரத் தொடங்கினார்கள். சென்ற ஆண்டு கோயிலுக்கு வருவதையே விட்டுவிட்டார்கள். "தேய்ஞ்ச மூட்டை இன்னும் ஏன் தேய்க்கணும்?" என்று கட்டிலோடு இருந்துவிட்டார்கள். அது எவ்வளவு தவறான எண்ணம் என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அவர்களோடு சென்றபோது அறிந்தேன். அதனையே இங்கு எழுதுகிறேன்.

முழங்காலில் சந்திக்கும் எலும்புகளின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அதற்கு இரத்தக் குழாய்கள் இல்லை. ஆகவே சிதைந்தால் எளிதில் சீராகாது. அது மெலியும்போது எலும்பின் ஓரங்கள் புடைத்து வளர, மூட்டு வீங்கி இறுகுகிறது. முதுமை, உடற்பருமன், பழைய காயம் ஆகியவை இதற்குக் காரணங்கள். பெண்களுக்கே இந்நோய் மிகுதி.

எக்ஸ்ரே எடுக்காமலே டாக்டர் நோயைச் சொன்னது எனக்கு வியப்பாயிருந்தது. வயது 45-க்கு மேல், நடந்தால் வலி, காலை விறைப்பு அரை மணி நேரத்திற்குள் நீங்குதல் ஆகியவை இருந்தால் பெரும்பாலும் அதுவே போதுமாம். படத்தில் தேய்மானம் தெரிந்தும் வலியே இல்லாதவர்கள் உண்டு. ஆனால் மூட்டு திடீரெனச் சிவந்து சூடேறினாலோ, காய்ச்சல் கண்டாலோ அது வேறு நோயாயிருக்கலாம். உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும்.

மருந்து கேட்டுப் போன அப்பாயிக்கு முதலில் கிடைத்தது பயிற்சி! நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெதுவாக இறக்கவேண்டும். தொடைத் தசை வலுத்தால் மூட்டின் சுமையை அதுவும் தாங்கும். அசையாமல் கிடந்தால் தசை மெலிந்து வலி கூடும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடி வைக்கும்போதும் முழங்காலின் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைவதாக 2005-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்கவேண்டும். அப்பாயி இத்தனை நாளும் தவறான கையில்தான் பிடித்திருந்தார்கள், நாங்களும் கவனிக்கவில்லை.

மருந்தென்றால் முதலில் மேலே தடவும் வலிக் களிம்புதான். கடையில் தாமாகவே வலி மாத்திரை வாங்கி விழுங்கி வந்ததை அறிந்து டாக்டர் கோபித்துக்கொண்டார். அவை இரைப்பையில் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். அப்பாயிக்கு இரத்தக் கொதிப்பு வேறு இருக்கிறது! எதனாலும் பலன் காணாதவர்களுக்கே மூட்டு மாற்று அறுவை.

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடமாட இயலாதவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சை அளிக்கவும் வழியுண்டு.

அப்பாயி பயிற்சி தொடங்கி மூன்று மாதமாகிறது. முதல் இரு வாரம் வலி சற்றுக் கூடவே இருந்தது. நான் எண்ண, அவர்கள் காலை நீட்டுவார்கள். ஐந்துக்குப் பதில் ஏழுவரை எண்ணி நான் ஏமாற்றியதும் உண்டு. இப்போது தெருமுனைவரை நடக்கிறார்கள். ஞாயிறுதோறும் கோயிலுக்கு வருகிறார்கள். முழந்தாளிட இன்னும் முடியவில்லை. பெஞ்சில் அமர்ந்தே செபமாலை சொல்கிறார்கள்.

— பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி