இருபதில் ஒரு துண்டு

"ராத்தா, வாப்பாட்ட கேட்டு ஆயிரம் ரூபா வாங்கித் தாங்க. ரெண்டு பைக்கற் காட்ஸ் எடுக்கணும்."

பத்தாம் தரத்தில் படிக்கும் என் தம்பி சென்ற விடுமுறையில் இப்படிக் கேட்டான். அவன் கேட்டது கடையில் விற்கும் காட்ஸ் அல்ல. கைத்தொலைபேசியில் இலவசமாக இறக்கி விளையாடும் ஒரு சீட்டு விளையாட்டுக்குள் விற்கப்படும் பைக்கற். "இலவச விளையாட்டுக்கு எதற்குக் காசு?" என்றுதான் வாப்பா முதலில் கேட்பார். ஆகவே அவரிடம் போகுமுன் நானே கணக்குப் பார்க்க உட்கார்ந்தேன்.

இவ்வகை விளையாட்டுகளில் 2014இல் வெளிவந்த ஹார்த்ஸ்டோன் பெயர்பெற்றது. விளையாடக் கட்டணம் இல்லை. ஆனால் பலமான சீட்டுகள் மூடிய பைக்கற்றுகளில் இருக்கும். பைக்கற்றுக்கு 5 சீட்டுகள். திறந்த பிறகே என்ன வந்தது என்று தெரியும். நாள்தோறும் பொறுமையாக விளையாடினால் சில பைக்கற்றுகள் இலவசமாகவும் சேரும். பொறுமை இல்லாதவர் காசு கொடுப்பார். இத்தகைய விளையாட்டுகள் தமது நிகழ்தகவை வெளியிட வேண்டும் என்ற விதி 2017இல் சீனாவில் நடைமுறைக்கு வந்தபோது, மிக உயர்ந்த 'லெஜண்டரி' சீட்டு சராசரியாக 20 பைக்கற்றுக்கு ஒன்று வரும் என்று பிளிசார்ட் நிறுவனம் அறிவித்தது.

விளையாட்டு வெளிவந்தபோது இரண்டு பைக்கற்றின் விலை 2.99 டொலர். டொலரை 300 ரூபா என்று வைத்தால் 20 பைக்கற்றுக்கு ஏறத்தாழ 9,000 ரூபா. அதுவும் ஏதோ ஒரு லெஜண்டரிக்கு. நாம் ஆசைப்பட்டதற்கு அல்ல. ஆசைப்பட்டதைச் செய்துகொள்ள 1,600 'தூள்' வேண்டும். வேண்டாத லெஜண்டரி ஒன்றை உடைத்தால் 400 தூள்தான் கிடைக்கும். நாலைக் கொடுத்து ஒன்றை வாங்கும் பண்டமாற்று! எங்கள் உம்மா சந்தையில் இப்படி ஒரு வியாபாரியைக் கண்டால் என்ன சொல்வார் என்பதை இங்கே எழுத முடியாது. போதாததற்கு, 2016 முதல் அதன் முக்கிய போட்டிப் பிரிவில் பழைய சீட்டுகள் ஆண்டுதோறும் விலக்கப்படுகின்றன.

இதையெல்லாம் சொல்லியும் தம்பி அசையவில்லை. "இருபதுக்கு ஒண்டு எண்டா இருபதாவதில வந்திடும்தானே?"

இங்கேதான் எங்கள் நிகழ்தகவுப் பாடம் உதவியது. 20 கடதாசித் துண்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, ஒன்றில் மட்டும் நட்சத்திரம் வரைந்தேன். எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும். ஒவ்வொரு தடவையும் தவறும் வாய்ப்பு 20இல் 19. இருபது தடவையும் தவறும் வாய்ப்பு 0.95ஐ இருபது முறை பெருக்கினால் வருவது, ஏறத்தாழ 0.36. அதாவது நூறு பேர் இருபது தடவை எடுத்தால், சுமார் 36 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். ஹார்த்ஸ்டோனில் 40 பைக்கற்றுக்குள் ஒன்று நிச்சயம் என்ற ஏற்பாடு உண்டு. டின்னில் அது இல்லை. எல்லா விளையாட்டிலும் இல்லை.

தம்பிக்கு முதல் முறை எட்டாவதில் நட்சத்திரம் வந்தது. அடுத்த முறை இருபத்தேழாவதில். மூன்றாம் முறை நாற்பது தாண்டியும் வரவில்லை. உம்மா சாப்பிடக் கூப்பிட்டார். "இன்னும் ஒண்டு, இப்ப வந்திடும்" என்று அவன் டின்னை விடவே இல்லை. அதில் ஒரு சதமும் போடவில்லை. அப்படியிருந்தும் அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அல்மாயிதா அத்தியாயத்தில் மதுவோடு சேர்த்துச் சூதும் விலக்கப்பட்டிருப்பதை நாம் அறிவோம். பைக்கற் திறப்பது சூதா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆலிமா அல்ல. ஆனால் 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு, சில பிரபல விளையாட்டுகளில் காசுக்கு விற்கப்பட்ட இத்தகைய அதிர்ஷ்டப் பெட்டிகள் தமது நாட்டுச் சூதாட்டச் சட்டத்தை மீறுவதாக முடிவு செய்தது.

தம்பி கேட்ட ஒரு கேள்வி மட்டும் நியாயமானது. ஒருவருமே காசு கொடுக்காவிட்டால் விளையாட்டைச் செய்தவர்கள் எப்படிச் சாப்பிடுவது? 2020இல் வந்த லெஜண்ட்ஸ் ஒப் ருனெற்றெரா என்ற சீட்டு விளையாட்டு, மூடிய பைக்கற்றுகளைக் காசுக்கு விற்கவில்லை. வேண்டிய சீட்டை நேரே பெறலாம். நேர்மையான ஏற்பாடுதான். வருமானம் போதாமல் 2024 ஜனவரியில் அதன் குழு குறைக்கப்பட்டது. இதைப் படித்தபோது எனக்கும் மனம் கஷ்டப்பட்டது.

ஆகவே அவனிடம் சொன்னேன்: செய்தவர்களுக்குக் கொடுக்க விரும்பினால் கொடு, ஆனால் இன்னதுதான், இன்ன விலைதான் என்று முன்னரே காட்டப்படும் பொருளாகப் பார்த்து வாங்கு. அவனுடைய விளையாட்டிலும் அப்படியொன்று இருந்தது. சீட்டின் பின்பக்கத்துக்கு ஓர் அழகான நீலப் படம், பைக்கற்றை விட மலிவு. சிறிது நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேணாம் ராத்தா. அதில என்ன வரும் எண்டு தெரியும்தானே" என்றான்.

வாப்பாவிடம் நான் கேட்கவில்லை.