பெயர் சொல்லி நினைப்போம்: வளர்ப்பு நாயின் பிரிவும் நோயாளியின் நலமும்

உள்நோயாளியாகப் படுத்திருக்கும் முதியவர், தம்மைக் காணவரும் மகளிடம் முதலில் கேட்பது, "மணி சாப்பிட்டானா?" என்பதாக இருக்கலாம். மணி என்பது வீட்டு நாய். அது இரண்டு நாள்களுக்கு முன்பே இறந்திருந்தால் மகள் என்ன மறுமொழி சொல்வார்? உண்மை அறிந்தால் தந்தையின் உடல்நிலை கெடுமோ என்ற அச்சமும், 'நாய்க்காகவா அழுகிறீர்கள்?' என்று பிறர் எள்ளுவரோ என்ற கூச்சமும் அவரைப் பேசவிடாமல் தடுக்கும். இப்பாடம் அத்தகைய குடும்பங்களுக்கானது.

நடுகல் கூறும் செய்தி

நாயை நினைவில் நிறுத்துவது நம் மண்ணுக்குப் புதிதன்று. கடத்தூர் அமைந்துள்ள தருமபுரி மாவட்டமும், அதனை அடுத்த திருவண்ணாமலை மாவட்டமும் நடுகற்கள் மிகுந்தவை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள ஒரு நடுகல், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஏறத்தாழ 1,400 ஆண்டுப் பழமையுடையது. தன் எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்காக எடுக்கப்பட்டது. அவனுடைய நாய் கள்ளரைக் கடித்துக் காவல் நின்றதையும் அக்கல்வெட்டு குறிக்கிறது. நாயின் பெயர் கோவிவன். வீரனுக்கு அருகில் அதன் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது.

பெயர், செயல், உருவம் ஆகிய மூன்றையும் அக்கல் காத்துவருகிறது. துயருறும் குடும்பமும் இம்மூன்றையே காக்கலாம். இறந்த நாயின் பெயரைத் தயங்காமல் சொல்லுங்கள். அது செய்தவற்றைப் பேசுங்கள். அதன் படம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையைச் சொல்லும் முறை

நோயாளியிடம் உண்மையை நெடுநாள் மறைக்க இயலாது. வீடு திரும்பும் நாளில் வெற்று வாசலைக் கண்டு அறிவது அவருக்கு இன்னும் கொடியது. எப்போது சொல்லலாம் என்பதை மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேட்டறியுங்கள். அருகில் அமர்ந்து, "மணி இறந்துவிட்டான்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். அழுதால் அழவிடுங்கள். 'நான் வீட்டில் இருந்திருந்தால் காப்பாற்றியிருப்பேன்' என்று அவர் தம்மையே நொந்துகொள்ளக்கூடும். நோயுற்றது அவர் குற்றமன்று என்பதை எடுத்துரையுங்கள்.

குழந்தைகளிடம் 'தூங்குகிறது' என்றோ 'ஊருக்குப் போயிருக்கிறது' என்றோ கூற வேண்டா. முன்னது உறக்கத்தின்மீது அச்சத்தை விளைக்கும். பின்னது வீண் காத்திருப்பைத் தரும்.

உடலைக் கவனியுங்கள்

துயரம் உறக்கத்தையும் பசியையும் குறைக்கும். நாயோடு நாள்தோறும் நடந்தவர் நடப்பதையே நிறுத்திவிடலாம். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சரியாக உண்ணாவிடில் இரத்தச் சர்க்கரை மிகவும் தாழக்கூடும். வியர்வை, நடுக்கம், மயக்க உணர்வு ஆகியன அதன் அறிகுறிகள். நினைவோடு இருப்பவருக்கு உடனே சர்க்கரை கலந்த நீர் கொடுத்து, மருத்துவரிடம் தெரிவியுங்கள். மருந்தின் அளவை நீங்களே மாற்ற வேண்டா. நெஞ்சுவலி வந்தால் 'கவலையால்தான்' என்று கருதி வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை

நாய் இறக்குமுன் இயல்பு மாறியிருந்தாலோ, வாயில் எச்சில் ஒழுகியிருந்தாலோ, காரணமின்றிக் கடித்திருந்தாலோ அது வெறிநோயாக இருக்கலாம். அதன் உடலை வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருத்துவருக்குத் தெரிவியுங்கள். கடியோ நகக்கீறலோ பட்டவர், அல்லது புண்ணில் அதன் எச்சில் பட்டவர், அவ்விடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதிக்காமல் மருத்துவமனைக்கு வர வேண்டும். அறிகுறி தோன்றியபின் வெறிநோயிலிருந்து உயிர்பிழைப்பது மிக அரிது; உரிய காலத்தில் போடும் தடுப்பூசி அதனைத் தடுக்கும்.

உதவி கேட்கலாம்

வாரங்கள் பல கடந்தும் உணவும் உறக்கமும் திரும்பவில்லை எனில், அல்லது வாழ்வே வேண்டா என்ற எண்ணம் எழுந்தால், உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். அரசின் 'டெலி மானஸ்' மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம்.

செய்தியைச் சொல்லிவிட்ட மகள் உடனே எழுந்து போய்விட வேண்டா. "அப்பா, மணியை முதன்முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா?" என்று கேட்கட்டும். அவர் சொல்லி முடிக்கும்வரை அருகில் இருக்கட்டும்.