காகிதப்பூச் செடி வளர்ப்போம்

மதில்மேல் ஊதாவும் சிவப்பும் வெள்ளையுமாகக் கொட்டிக் கிடக்கும் காகிதப்பூவை அறியாதார் இல்லை. மணம் கிடையாது, தலையில் சூடவும் ஆகாது என்பதால் நாம் அதைச் சற்று ஏளனமாகவே பார்க்கிறோம். ஆனால் கோடையில் மற்றச் செடிகள் வாடி நிற்கும்போது கண்ணுக்குக் குளிர்ச்சி தருவது இதுவே.

ஒரு பூவைப் பறித்து உற்று நோக்குங்கள். நாம் இதழ் என்று எண்ணும் மூன்று வண்ணத் தாள்களும் இதழ்களல்ல. பூவடிச் செதில்கள் எனப்படும் இலைகளே. ஒவ்வொன்றின் நடு நரம்பிலும் ஒட்டிக்கொண்டு மெல்லிய குழல் போன்ற ஒரு சிறு பூ இருக்கும். அதுதான் உண்மையான பூ. அதற்கும் அல்லிவட்டம் இல்லை என்பது வேடிக்கை. நம் வீட்டு அந்திமந்தாரையும், வரப்போரத்து மூக்கிரட்டையும் இதன் உறவினர்களே. பீட்ரூட் கிழங்குக்குச் சிவப்பைத் தரும் நிறமி வகைதான் இதற்கும் நிறம் தருகிறது.

போகன்வில்லா என்னும் பெயர் ஒரு பிரெஞ்சுக் கப்பல் தலைவருடையது. அவரது உலகப் பயணத்தில் சென்ற தாவர அறிஞர் கொம்மெர்சன், 1767-ல் பிரேசில் நாட்டின் ரியோ துறைமுகத்தில் இச்செடியைச் சேகரித்தார். அவருக்குத் துணையாகச் சென்றவர் ழான் பாரே என்னும் பெண். பிரெஞ்சுக் கடற்படைக் கப்பலில் பெண்கள் செல்லத் தடை இருந்ததால் அவர் ஆண் உடை தரித்து, கனத்த செடிக் கட்டுகளைச் சுமந்து காடுமேடெல்லாம் நடந்தார். கொம்மெர்சன் உடல்நலம் குன்றியிருந்ததால், இச்செடியைக் கண்டெடுத்தவரே பாரேயாக இருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு. உலகைச் சுற்றி வந்த முதல் பெண்மணி என்று போற்றப்படுபவர் இவரே. 2012-ல்தான் ஒரு செடிக்கு இவர் பெயர் கிடைத்தது. அது கத்தரி, தக்காளியின் பேரினத்தைச் சேர்ந்தது.

இனி வளர்ப்பு முறை. விதை வேண்டாம், பென்சில் பருமனுள்ள முற்றிய கிளையில் ஒரு சாண் நீளம், மூன்று நான்கு கணுக்கள் இருக்குமாறு வெட்டி, இலைகளை நீக்கி, மணல் கலந்த மண்ணில் ஊன்றி நிழலில் வைக்கவேண்டும். வேர்விட ஓரிரு மாதம் ஆகலாம். இதன் வேர்கள் மெல்லியவை, எளிதில் அறுந்துவிடும். ஆகையால் மாற்றி நடும்போது மண்கட்டி உடையாமல் தூக்குவது மிக முக்கியம்.

"எங்கள் வீட்டுச் செடி பூப்பதேயில்லை, வெட்டிவிடலாமா?" என்று பெற்றோர் பலர் கேட்கின்றனர். அவசரப்படவேண்டாம். பெரும்பாலும் காரணம் இரண்டே: வெயில் போதாமை, நீர் மிகுதி. எங்கள் தோட்டத்தில் குழாயடியில் நின்ற செடி ஆண்டெல்லாம் பச்சைப் பசேலென்று தழைத்து, ஒரு பூவும் காட்டாமல் இருந்தது. மைதானத்து மேற்குச் சுவரில் யாரும் கவனியாத செடியோ பூத்துக் குலுங்கியது. குழாயடிச் செடியை வெட்டத் தீர்மானித்தபோது, தோட்டக் குழுவினராகிய நாங்கள் ஒரு பருவம் தவணை கேட்டோம். மார்கழியில் குழாய்நீர் அங்கே ஓடாதபடி கரை கட்டி, மேலே கவிந்திருந்த வேப்பங்கிளைகளைக் கழித்தோம். மாசி முடிவதற்குள் கிளை நுனிகள் சிவந்தன! செடி இன்றும் நிற்கிறது.

நாள்தோறும் ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். மேல்மண் நன்கு காய்ந்த பிறகே நீர் விடவேண்டும். இளஞ்செடிக்கு மட்டும் இவ்விதி பொருந்தாது. யூரியா போன்ற தழைச்சத்து மிகுந்தால் இலைதான் பெருகும். ஆண்டுக்கு இரண்டு முறை மக்கிய தொழுவுரம் போதும். தொட்டி சற்று நெருக்கமாக இருப்பதும் நல்லதே. மாவுப்பூச்சி கண்டால் வேப்பெண்ணெயும் சிறிது சோப்பும் நீரில் கலந்து தெளிக்கலாம்.

புதுத் தளிரில்தான் பூ வரும். எனவே ஒரு பூப்பு முடிந்ததும் கிளைகளைக் கத்தரித்துவிட வேண்டும். வளைந்த முட்கள் கையைக் கிழிக்கும். தடித்த உறை அணியாமல் சிறுமியர் இவ்வேலையில் இறங்கவேண்டாம். சிறு குழந்தைகள் விளையாடும் இடத்தருகே நடுவதும் சரியன்று.

ஆடி மாதம் எங்கள் குழு கத்தரிக்கும் கிளைகளில் நல்ல குச்சிகளைத் தனியே எடுத்து வைக்கிறோம். வேண்டுவோர் ஈரச் சாக்குடன் வந்தால் நிறத்துக்கு இரண்டாகத் தருவோம்.