சேந்தமங்கலத்திலேயே இரு, கண்ணு

அன்புள்ள கண்ணு,

கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படிப்பை முடித்து ஊர் திரும்பியதையும், வீட்டு மாடியில் தகரக் கூரை போட்ட அறையை ஓவியக்கூடமாக ஆக்கிக்கொண்டதையும் எழுதியிருந்தாய். கூடவே மூன்று கேள்விகள். சென்னைக்குப் போய்விடலாமா? முதல் தனிக் கண்காட்சியை எப்போது வைப்பது? பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தால் என் வேலை கெட்டுப்போகுமா? ராசிபுரத்திலிருந்தும் திருச்செங்கோட்டிலிருந்தும் இதே கேள்விகளோடு பிள்ளைகள் வருகிறார்கள். அதனால் எல்லோரும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

முதல் கேள்விக்குப் பதில்: இப்போது போகாதே. சென்னை வாடகைக்காக ஒரு வேலை, அந்த வேலைக்குப் போய்வர மூன்று மணி நேரம், மிச்சத்தில் ஓவியம் என்று போனவர்கள் பலரை எனக்குத் தெரியும். நல்ல கைகள். இன்று அவர்களில் பாதிப் பேர் வரைவதில்லை. உனக்கு வாடகை இல்லாத ஓர் அறையும், சாய்த்து வைக்கச் சுவரும், விடியலில் நாலு மணி நேரமும் இருக்கின்றன. ஓவியருக்கு இதைவிடப் பெரிய மானியத்தை எந்த அகாதமியும் தருவதில்லை. கண்காட்சி பார்க்க, நண்பர்களைப் பார்க்க, நல்ல தாள் வாங்க இரவுப் பேருந்து ஏறிப் போய் வா.

"ஆதிமூலம் போனாரே" என்பாய். ஓவியர் கே.எம். ஆதிமூலம் 1938-இல் கீரம்பூரில் பிறந்தவர். நம் டோல்கேட் கீரம்பூர் இல்லை. கொல்லிமலைக்கு அந்தப் பக்கம், துறையூரை ஒட்டிய கீரம்பூர். நீ தினமும் மேற்கிலிருந்து பார்க்கிற மலைத்தொடருக்கு மறுபக்கம் வளர்ந்தவர் என்று வைத்துக்கொள். அவர் சென்னைக்குப் போனது படிக்கவும் படங்களைக் கண்ணால் பார்க்கவும். நீ படித்து முடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறாய். ஆகவே அவர் எங்கே இருந்தார் என்பதை விட்டு, எப்படி வேலை செய்தார் என்று பார். 1969 காந்தி நூற்றாண்டை ஒட்டிக் காந்தியை மட்டும் நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். ஒரே முகம், ஒரே உடல், பேனாவும் கறுப்பு மையும். பிறகு அரசர்களைக் கோட்டில் எடுத்துக்கொண்டு அவர்களையும் எளிதில் விடவில்லை. அந்தக் கோடு நன்றாகத் தேறிய பிறகுதான் எண்ணெய் வண்ணத்தில் அருவ ஓவியங்களுக்குள் முழுதாக இறங்கினார். நடுவில் கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது அதற்கும் வரைந்தார், சிற்றிதழ்களுக்கு வரைந்தார், புத்தக அட்டைக்கு எழுத்து எழுதிக் கொடுத்தார். கண்காட்சிக்காக ஒரு பொருளைத் தேடுகிற ஆள் இப்படி வேலை செய்ய முடியாது. பொருள் அவரைப் பிடித்துக்கொண்டது, தாள் குவிந்தது, குவிந்ததைக் காட்டினார்.

இதுதான் நான் உனக்குச் சொல்ல வந்தது. கண்காட்சி, பயிலரங்கு, முகாம் எல்லாம் அறைக்குள் நடக்கிற வேலையிலிருந்து வரவேண்டும். நாள்காட்டியில் கண்காட்சித் தேதியைக் குறித்துவிட்டு அதற்குப் படம் தயாரிக்கிற பழக்கம் இளம் வயதில் ஒட்டிக்கொண்டால் பிறகு போகாது.

அறையைப் பற்றிச் சொல்கிறேன். வடக்கு ஜன்னல் வெளிச்சம்தான் ஓவியருக்கு உகந்தது என்று கல்லூரியில் சொல்லியிருப்பார்கள். அது ஐரோப்பியப் புத்தகத்துப் பாடம். அங்கே நடுப்பகல் சூரியன் எப்போதும் தெற்கே நிற்கும், வடக்கு ஜன்னலில் நேர் வெயில் அதிகம் படாது. சேந்தமங்கலம் பூமத்திய ரேகைக்கு வடக்கே பதினொன்றே கால் பாகை அளவில்தான் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நடுப்பகல் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே நிற்கும். காலையும் மாலையும் உன் வடக்கு ஜன்னலில் வெயில் சாய்ந்து விழும், படத்தில் போட்ட நீலம் பச்சையாகத் தெரியும். அந்த நாலு மாதமும் ஜன்னலுக்கு வெள்ளை மல்துணியை இரண்டு மடிப்பாகக் கட்டு. ராத்திரி வேலைக்கு எல்.இ.டி. வாங்கும்போது வாட் மட்டும் பார்க்காதே, நிறத்தை உள்ளபடி காட்டும் அளவான சி.ஆர்.ஐ. தொண்ணூறுக்கு மேல் இருக்கிறதா என்று பெட்டியில் பார்த்து வாங்கு.

தகரக் கூரைக்குக் கீழே சித்திரை, வைகாசியில் பத்து மணிக்கு மேல் அக்ரிலிக் தட்டிலேயே தோல் கட்டிவிடும். ஈரப் பஞ்சின் மேல் பட்டர் பேப்பர் விரித்து அதில் வண்ணம் வைத்துக்கொள். விடியலில் தொடங்கிப் பத்து மணிக்கு முடி. அந்த நேரத்தில் போனைக் கீழே அம்மாவிடம் கொடுத்துவிட்டு மேலே ஏறு. மழைக்காலத்தில், ஐப்பசி கார்த்திகையில், கேன்வாஸ் முதுகைச் சுவரோடு ஒட்டி வைக்காதே, பூஞ்சணம் பிடிக்கும். அடியில் இரண்டு ரீப்பர் கட்டை போட்டுக் காற்றோட விடு.

வரைய என்ன இருக்கிறது இந்த ஊரில் என்று நீ கேட்டிருந்தது எனக்கு வருத்தமாக இருந்தது. புதன்சந்தை மாட்டுச் சந்தைக்கு ஒரு சிறிய நோட்டோடு போய் நில். மாடு அசையாமல் நிற்காது, தரகர் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிற நேரம் ஒரு நிமிடம்கூட வராது. அந்த அவசரம் உன் கோட்டுக்கு நல்லது. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றிலும் சமவெளி வேறு சாய்வில் தெரியும். ஓர் ஆண்டு அதை மட்டும் வரைந்தாலே ஒரு கண்காட்சி ஆகிவிடும்.

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கும் அவசியம் போ. ஸ்டிக்கர் வந்த பிறகு கையால் எழுதுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், ஆனாலும் சில பட்டறைகளில் இருக்கிறார்கள். சுண்ணாம்புப் பொடி தோய்த்த நூலை இரண்டு பேர் இழுத்துப் பிடித்துத் தட்டினால் தகட்டில் நேர்கோடு விழும். அந்தக் கோட்டின் மேல் நீளமான மயிர்த் தூரிகையை எனாமலில் தோய்த்து, சுண்டு விரலைத் தகட்டில் ஊன்றி, ஆறடி நீளத்துக்குக் கோடு ஓடும். நடுவில் தூரிகை எடுப்பதில்லை. உடம்பு முழுவதும் பக்கவாட்டில் நகரும், மணிக்கட்டு அசையாது. வளைவு வரும் இடத்தில் தூரிகையை விரல்களுக்குள் லேசாக உருட்டுவார்கள், கோட்டின் தடிமன் மாறாது. கல்லூரியில் உனக்கு யாரும் கற்றுத் தராத ஒன்று அது. மரியாதையோடு "அண்ணே, கத்துக் கொடுங்க" என்று கேள்.

இனி வகுப்பு. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதால் ஓவியர் கெட்டுப்போவதில்லை. விடியலை விற்றுச் சொல்லிக் கொடுத்தால்தான் கெட்டுப்போவார். சனி, ஞாயிறு பிற்பகல் உன் தகர அறையில் எப்படியும் வரைய முடியாது. அந்த நேரத்தில் கீழே திண்ணையில் வகுப்பு வை. பெற்றோர் லோயர், ஹையர் பரீட்சைக்குத் தயார் பண்ணச் சொல்வார்கள். இந்த அரசுத் தொழில்நுட்பத் தேர்வு ஓவிய ஆசிரியர் வேலைக்குப் பயன்படும், பெரிய பிள்ளைகளுக்கு அதைச் செய்து கொடு. சின்னப் பிள்ளைகளிடம் அச்சடித்த உருவத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்லாதே. அவர்கள் தாளில் உன் பென்சில் ஒருமுறைகூடப் படக்கூடாது. திருத்த வேண்டுமென்றால் உன் தாளில் வரைந்து காட்டு.

பெரியவர்களுக்குப் பயிலரங்கு நடத்த விரும்பினால் இந்த மண்ணுக்கென்றே ஒன்று இருக்கிறது. நாமக்கல் முட்டை சத்துணவுக்கும் போகிறது, கப்பல் ஏறி வெளிநாட்டுக்கும் போகிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் எண்ணெய் வண்ணம் பரவும்வரை இத்தாலியப் பலகை ஓவியங்கள் பெரும்பாலும் முட்டை மஞ்சள் கருவில் குழைத்த டெம்பரா வண்ணத்தில் எழுதியவை. போட்டிசெல்லியின் 'வசந்தம்' டெம்பராதான். கல்கத்தாவில் கணேஷ் பைன் தம் வாழ்நாள் வேலையின் பெரும்பகுதியை டெம்பராவில் செய்தார். முட்டைக்குப் பேர்போன ஊரில் இதைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. நீ தொடங்கு.

கொல்லிமலை அடிவாரத்துச் செம்மண்ணைத் தண்ணீரில் கலக்கு. கல்லும் மணலும் அடியில் தங்கியதும் மேல் கலங்கலை வேறு பாத்திரத்தில் இறுத்துத் தெளியவிடு. அடியில் படிகிற வண்டலைக் காயவைத்துக் கண்ணாடி மேல் வழவழப்பாக அரைத்தால் காவி. முட்டையின் வெள்ளையை வடித்துவிட்டு மஞ்சளை ஒரு உள்ளங்கையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஈரம் போக உருட்டு. பிறகு அதன் மெல்லிய தோலை இரண்டு விரல் நுனியில் தூக்கிப் பிடித்து அடியில் ஊசியால் குத்து. மஞ்சள் மட்டும் கிண்ணத்தில் இறங்கும், தோல் விரலில் நிற்கும். அதற்குச் சம அளவு தண்ணீர் விட்டுக் காவியோடு குழைத்தால் வண்ணம் தயார். கேன்வாஸில் போட்டால் வெடிக்கும். பலகை வேண்டும், தச்சர்கள் பயன்படுத்தும் வஜ்ஜிரத்தில் சீமைச்சுண்ணாம்புப் பொடி கலந்து பல பூச்சுப் பூசித் தேய்த்த பலகை. இழுத்த கோடு மூச்சு விடுவதற்குள் காய்ந்துவிடும், ஆகவே சிறு சிறு கோடுகளை அடுக்கித்தான் நிழல் கொண்டுவர முடியும். குழைத்ததை அன்றே தீர்த்துவிடு, பச்சை முட்டை என்பதால் எல்லோரையும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல். இப்படி ஒரு நாள் பயிலரங்குக்கு நியாயமான கட்டணம் வாங்கலாம். 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவியது பாட்டிக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில்தான். கைத்தொழிலில் வந்த பணம் ஓவியத்தைக் காப்பாற்றியது. அதில் குறைவு என்று அவர்கள் நினைக்கவில்லை.

உருவப்படம் எழுதித் தரச் சொல்லி வருவார்கள். இறந்துபோன அப்பாவின் மங்கிய பாஸ்போர்ட் போட்டோவை நீட்டுவார்கள். தட்டாதே. 1888-இல் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை, கவிஞராக நாடு அறியுமுன் உருவப்படம் எழுதிச் சம்பாதித்தவர். ஒரு முகத்தை அந்த வீட்டார் அடையாளம் கண்டு கண் கலங்கும்படி எழுதுவது கடினமான வேலை. ஒன்று மட்டும் தெரிந்துகொள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீயாக வரைந்து விற்ற படத்தின் உரிமை, எழுதிக் கொடுக்காதவரை உன்னிடமே இருக்கும். ஒருவர் காசு கொடுத்து வரையச் சொன்ன படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை அவருக்குப் போய்விடும். நாளைக்கு அந்தப் படம் காலண்டரில் வந்தால் நீ கேட்க முடியாது. ஆகவே இரண்டு வரியாவது எழுதிக் கையெழுத்து வாங்கு. ஒவ்வொரு படத்துக்கும் எண், அளவு, ஊடகம், முடித்த தேதி, வாங்கியவர் யார் என்று ஒரு நோட்டுப் போடு. போட்டோ எடுக்காமல் எந்தப் படமும் வீட்டை விட்டுப் போகக்கூடாது.

முகாம்களுக்குக் கூப்பிட்டால் போ. ஆனால் அங்கே மூன்று நாளில் முடிக்கிற படத்தின் வேகம் உன் அறைக்குள் வந்துவிடாமல் பார்த்துக்கொள். பணம் கட்டினால் எல்லோருக்கும் விருதும் சான்றிதழும் தருகிற 'சர்வதேச' குழுக் கண்காட்சிகளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே. அந்தப் பணத்துக்கு வண்ணம் வாங்கு.

முதல் தனிக் கண்காட்சியைச் சேந்தமங்கலத்தில் வை, ஆடி மாதத்தில். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும், வாடகை பேசிக் குறைக்கலாம். அதே ஆடியில் கொல்லிமலை வல்வில் ஓரி விழாவுக்கு மலை ஏறுகிற கூட்டம் நாமக்கல்லிலிருந்து நம் ஊர் வழியாகத்தான் காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி போகும். சாலையில் ஒரு பெரிய துணிப் பதாகை கட்டு, எழுத்தைப் பட்டறை அண்ணன் ஒருவரை எழுதச் சொல். ஆடிக் காற்று பொல்லாதது, சட்டங்களை மேலே மட்டும் மாட்டாமல் கீழேயும் கம்பி கட்டி இறுக்கு. படத்தின் நடுப்பகுதி ஐந்தடி உயரத்தில் இருப்பது வழக்கம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள் என்பதால் நீ அரையடி இறக்கு. திறந்துவைக்கப் பெரிய மனிதர்களைத் தேடி அலையாதே. சந்தையில் நீ வரைந்த தரகரைக் கூப்பிடு, டெம்பராவுக்கு மரம் இழைத்துக் கொடுத்த ஆசாரியைக் கூப்பிடு. விலைச்சீட்டை மறைக்காதே, ஆனால் ஊரில் ஒரு விலை, சென்னையில் ஒரு விலை என்றும் வைக்காதே. தனியார் காட்சிக்கூடம் பின்னால் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை எடுத்துக்கொள்ளும், அதையும் கணக்கில் வைத்தே முதல் நாளிலிருந்து விலை போடு.

இரண்டு ஆடி இப்படிப் போகட்டும். அதற்குப் பிறகு கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதமி மண்டல மையத்தின் காட்சிக்கூடத்துக்கு விண்ணப்பம் போடு. படம் அனுப்பும்போது அக்ரிலிக் மேல் பப்புள் ஷீட்டை நேராகச் சுற்றாதே. வெயிலில் பார்சல் வண்டிக்குள் வண்ணம் இளகி, குமிழ் தடம் அப்படியே பதிந்துவிடும். முதலில் பட்டர் பேப்பர், அதன்மேல் குமிழ்த் தாள். சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டினால் வண்ணப் பக்கம் வெளியே இருக்கட்டும்.

மண்டபம் முடிவானதும் எனக்கு ஒரு வார்த்தை சொல். கம்பி கட்ட நானும் வருகிறேன், பன்னிரண்டடி ஏணி ஒன்று மட்டும் ஏற்பாடு செய்து வை.

அன்புடன்,
உன் அண்ணன்